அபின் நோயும் அண்டை மருத்துவரும்

கஜ்னியில் வாழ்ந்த பேரறிஞர் அல்பீரூனி தம் முதுமைக் காலத்தில் மருந்துப் பொருள்களைப் பற்றிக் ‘கிதாபுஸ் ஸைதனா’ என்னும் பெருநூலை எழுதினார். ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்நூலில் அபினைப் பற்றிப் பேசுமிடத்து அவர் ஒரு செய்தியைப் பதிந்து வைத்துள்ளார். வெப்ப நாடுகளில் வாழ்வோர், சிறப்பாக மக்கா நகரத்தார், வெம்மையின் வாட்டத்தைத் தணிக்கவும் கவலையை அகற்றவும் நெடிது உறங்கவும் நாள்தோறும் அபின் உண்ணும் வழக்கத்தை மேற்கொள்கின்றனர் என்றும், சிற்றளவில் தொடங்கும் அவ்வழக்கம் சிறிது சிறிதாக வளர்ந்து உயிரைக் குடிக்கும் அளவை எட்டுகிறது என்றும் அவர் குறிக்கிறார்.

இச்சிறு குறிப்பில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. துன்பம் தீர்க்கும் மருந்தாகவே அபின் மனிதனிடம் வருகிறது என்பது ஒன்று. உடல் அதற்குப் பழகப் பழக, நேற்றுப் போதுமாயிருந்த அளவு இன்று போதாமற் போகிறது என்பது மற்றொன்று. மருந்து நூலார் இவ்வளவும் அறிந்திருந்தும், பழகிவிட்டவனை மீட்பவர் யார், மீட்கும் முறை யாது என்னும் வினாவுக்கு விடை காண நெடுங்காலம் பிடித்தது. அவ்விடையின் வரலாற்றையே ஈண்டு எழுத முற்படுகிறோம். இன்று அவ்வினா ஹெராயின் ஊசிக்கும் வலி நீக்கும் மாத்திரைக்கும் உரியதாகிவிட்டது. ஆயினும் அவையெல்லாம் அபினின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமேயாகலின், வினாவின் வேர் மாறிவிடவில்லை.

அல்பீரூனி குறித்த அதே மக்கா நகரில், அவருக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின், ஷாபிஈ மத்ஹபின் பெரும் இமாமாகிய இப்னு ஹஜர் அல்ஹைதமி (ரஹ்) அவர்கள் வாழ்ந்தார்கள். அவர்களுடைய காலம் ஹிஜ்ரி 909 முதல் 974 வரை, கி.பி. 1504 முதல் 1567 வரை என்க. அவர்களுடைய ‘துஹ்பா’ நம் மதரஸாக்களுக்குப் புதியதன்று. அபின் போன்றவற்றை உண்டு பழகி, இனி உண்ணாவிடில் இறந்துபடுவான் என்னும் நிலையை அடைந்துவிட்டவன் என்செய்வது என்று அவர்களிடம் பத்வா வேண்டப்பட்டது. அவர்கள் தந்த தீர்ப்பை, ஹிஜ்ரி 1252இல் மறைந்த டமாஸ்கஸ் நகரத்து ஹனபி அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் தம் ‘ரத்துல் முஹ்தார்’ நூலில் எடுத்தெழுதி, அது தம் மத்ஹபின் விதிகளுக்கும் மாறானதன்று என்று முன்னோர் ஏற்றதையும் உடன் குறித்துள்ளார்கள்.

அத்தீர்ப்பின் கருத்து வருமாறு: உண்ணாவிடில் உயிர் போகும் என்பது உறுதியானால் அவனுக்கு அது ஆகும், ஆகும் என்பது மட்டுமன்று, உயிரைக் காக்கும் பொருட்டு அது கடமையும் ஆகும். பசியால் சாகும் தறுவாயில் இருப்பவனுக்குச் செத்த பிராணியின் இறைச்சி ஆகுமாவது போன்றதே இது. ஆனால் அத்துடன் அவன் நின்றுவிடலாகாது. குடலுக்கு அதன்மேல் உள்ள வேட்கை, தான் அறியாமலே அகன்று போகும் வண்ணம், அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து வருவது அவன்மீது கடமை. குறைக்க இயன்றும் குறையாது விட்டால் பாவியாவான்.

இதனைப் படிக்குந்தோறும் நாம் வியப்பது அதன் நடுநிலையை. மிம்பரில் நின்று அபின் உண்பவனைச் சாடுவது எளிது. அன்று அவ்வாறு சாடியவர்களும் இருந்தனர். இமாமவர்களோ ஹராம் என்னும் தீர்ப்பில் இம்மியும் தளராமல், அந்த ஹராமில் வீழ்ந்துவிட்டவனின் உடல் வேறொரு நிலையை அடைந்துவிட்டது என்பதைக் கண்டார்கள். உடல் மாறிவிட்டபோது அவனுக்குரிய சட்டமும் நிர்ப்பந்தத்தின் சட்டமாகிவிடுகிறது. ‘இன்றே விட்டொழி’ என்று ஆணையிடாமல், ‘நாள்தோறும் குறை’ என்று பணித்தது மருத்துவன் வாக்குப் போன்றதொரு பிக்ஹு வாக்காகும்.

அபினை மதுவோடு ஒன்றாக வைத்தெண்ணாத மரபு அதற்கு முன்னரே தோன்றியிருந்தது. ஹிஜ்ரி 684இல் மறைந்த மாலிகி அறிஞர் அல்கராபி, களிப்பும் வெறியும் ஊட்டி அறிவை மறைப்பது, புலன்களை உறங்கச் செய்வது, அறிவைக் கெடுப்பது என மூன்றாகப் பிரித்து, அபின் வகையை மதுவின் பிரிவினின்று விலக்கி வைத்தார். அறிவைப் பாதிக்காத சிற்றளவை ஆகுமாக்கியதும், அதனை அசுத்தப் பொருள் என்று கொள்ளாததும் இப்பாகுபாட்டின் பயன்களாம். மருந்தென்னும் வாயில் அடைபடாமல் இருந்தது இதனாலேயே.

இனி, இமாம் ஹைதமி (ரஹ்) அவர்களின் பத்வாவில் வெளிப்படையாகச் சொல்லப்படாத ஒருவர் உளர். இவனுக்கு உண்மையிலேயே உயிராபத்து உண்டா? எவ்வளவு குறைக்கலாம்? எத்துணை விரைவில் குறைக்கலாம்? இவற்றை அறுதியிட்டுச் சொல்பவர் யார்? முப்தி அறியார், நோயாளியோ தன் வேட்கைக்குச் சான்று சொல்லத் தகுதியற்றவன். தயம்மும் பாடத்தில், தண்ணீர் படுவது நோயாளிக்குத் தீங்கா என்பதை நேர்மையுள்ள மருத்துவரின் சொல்லைக் கொண்டு முடிவு செய்யலாம் என்று ஓதிக் கொடுக்கிறோம் அல்லவா? ஈண்டும் அவரே வேண்டப்படுகிறார். அவர் நேர்மையாளராயிருந்தால் மட்டும் போதாது, இந்நோயைக் கற்றவராகவும் இருத்தல் வேண்டும். மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அவரே ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. ஆக, மருத்துவரைப் பயிற்றுவிப்பதும் மார்க்கத்தின் அலுவல்களுள் ஒன்றாகிறது.

பாரசீகத்தில் ஸபவி அரசர்கள் ஆண்ட ஹிஜ்ரி 10ஆம் நூற்றாண்டில், இந்நோயைத் தம் உடம்பிலேயே கற்ற மருத்துவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் இமாதுத்தீன் மஹ்மூத் ஷீராஸி. அவர் பணிபுரிந்த ஆளுநர் சினங்கொண்டு, இரவு முழுதும் அவரைப் பனியில் நிறுத்தி வைத்தாரென்றும், குளிரில் இறவாதிருக்க அவர் மிகுதியாக அபின் உண்டாரென்றும், அன்று முதல் அபினுக்கு அடிமையானதோடு உடல் நடுக்கமும் வாழ்நாள் முழுதும் தொடர்ந்ததென்றும் அவர் வரலாற்றில் சொல்லப்படுகிறது. அபினுக்கென்றே அவர் தனியொரு ஏடு இயற்றினார். அபினின் வகைகளும் பயன்களும் தீங்குகளும் அதில் உள்ளன. அதனை விட முடியாதவருக்கு அளவைப் படிப்படியாகக் குறைப்பதும், ஈடாக வேறு மருந்துகளைத் தருவதும் கூறப்பட்டுள்ளன. மக்காவின் சட்ட அறிஞரும் ஷீராஸின் மருத்துவரும் ஒரே நூற்றாண்டில், ஒருவரையொருவர் காணாமலே, ஒரே வழியைச் சுட்டினர் என்பது வரலாற்றின் இனிய பொருத்தங்களுள் ஒன்று.

நிற்க. ஐரோப்பாவின் வேதியியல் வந்து நிலைமையைப் புரட்டியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருந்தாளர் செர்ட்டூர்னர் அபினிலிருந்து மார்பினைப் பிரித்தெடுத்தார். அந்நூற்றாண்டின் நடுவில் ஊசி வந்தது. 1898இல் பேயர் நிறுவனம் ஹெராயினை இருமல் மருந்தாக விற்கத் தொடங்கியது. வாயால் உண்டபோது மெல்ல வளர்ந்த நோய், இரத்தத்தில் நேரே பாய்ந்தபோது விரைந்து வளர்ந்தது.

இதற்கு அமெரிக்க நாடு செய்த முதற் செயல் மருத்துவரை அகற்றியதாகும். 1914ஆம் ஆண்டின் ஹாரிசன் சட்டம் அபின் மருந்துகளுக்கு வரியும் பதிவும் விதித்தது. பழகிவிட்டவர் துன்புறாதிருக்க வேண்டித் தொடர்ந்து மருந்தெழுதித் தருவது மருத்துவம் ஆகாது என்று 1919இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவர் பலர் வழக்குக்கும் சிறைக்கும் ஆளாயினர். நகராட்சிகள் திறந்திருந்த மருந்தகங்கள் சில ஆண்டுகளுக்குள் மூடப்பட்டன. லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரத்து மருந்தகம் 1923 வரை தாக்குப்பிடித்தது. அதன் பின் இந்நோயாளர்க்கு எஞ்சியவை சிறைச்சாலையும் கள்ளச் சந்தையுமே. அச்சம் கொண்ட மருத்துவர் இந்நோயைத் தொடாமல் விட்டார். தொடாத நோயை மருத்துவக் கல்லூரிகளும் கற்பிக்காமல் விட்டன. சட்டம் நீங்கினாலும் நீங்காத பெருந்தீங்கு இந்த அறியாமைதான் என்பது நம் துணிபு.

1964இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வுக் கூடத்தில் வின்சென்ட் டோல் என்னும் மருத்துவரும் மேரி நைஸ்வாண்டர் என்னும் மனநல மருத்துவரும் இக்கதவை மீண்டும் தட்டினர். ஜெர்மனியில் 1930களின் இறுதியில் ஆக்கப்பெற்ற மெத்தடோன் என்னும் மருந்தை ஹெராயின் நோயாளர்க்கு நாள்தோறும் வாய்வழி கொடுத்துப் பார்த்தனர். 22 நோயாளரைப் பற்றிய அவர்களுடைய அறிக்கை 1965இல் வெளிவந்தது. ஹெராயின் சில மணி நேரத்தில் அடங்கிவிடுவதால், நோயாளி ஒரே நாளில் பலமுறை மயக்கத்துக்கும் துன்பத்துக்கும் இடையே ஊசலாடுகிறான். மெத்தடோனோ ஒரு நாள் முழுதும் நின்று செயற்படும். தக்க அளவில் பழகியவருக்கு அது களிப்பும் தருவதில்லை, உறக்கமும் தருவதில்லை. வேட்கையை அடக்கி வேலைக்குப் போக விடுகிறது. நீரிழிவு நோயாளிக்கு இன்சுலின் போல, மாறிவிட்ட உடலுக்கு இது வேண்டியிருக்கிறது என்று டோல் வாதிட்டார். உடல் மாறிவிட்டது என்னும் இச்சொல்லை வேறு மொழியில் முன்பே கேட்டிருக்கிறோம்.

ஆயினும் 1974ஆம் ஆண்டின் சட்டம் மெத்தடோனைத் தனி மருந்தகங்களுக்குள் அடைத்தது. நோயாளி நாள்தோறும் அங்கே சென்று வரிசையில் நின்று அருந்த வேண்டும். பெருநகரத்தானுக்கு இஃது இயலும்; சிற்றூரில் இருப்பவன் என்செய்வான்? அவனுக்குத் தெரிந்தவர் காய்ச்சலுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் பார்க்கும் பொது மருத்துவர் ஒருவரே. அவருடைய கைக்கு ஒரு மருந்து வந்தாலன்றி வழியில்லை. இங்கிலாந்தின் ஹல் நகரில் ரெக்கிட் நிறுவனத்தார் 1966இல் ஆக்கிய புப்ரெனார்பின் அத்தகைய மருந்தாக அமைந்தது. நாவின் கீழ் வைத்துக் கரைக்கும் மாத்திரை அது. மூளையில் அபின் சென்று ஒட்டும் இடங்களில் இது இறுகப் பற்றிக்கொண்டு, பாதியளவே செயற்படுகிறது. ஓரளவுக்கு மேல் எத்துணை உண்டாலும் மூச்சை அடக்கும் ஆற்றல் ஏறுவதில்லை. ஆகவே தனியே உண்டால் மரண ஆபத்து மிகக் குறைவு. அடிமைநிலைக்கு இது மருந்தாகக் கூடும் என்று 1978இல் ஜாசின்ஸ்கி முதலியோர் எழுதினர்.

பிரெஞ்சு நாட்டார் இதனைத் துணிந்து கையாண்டனர். 1996 முதல் அங்கே எந்தப் பொது மருத்துவரும் புப்ரெனார்பின் எழுதித் தரலாம். தனிச் சான்று வேண்டியதில்லை. நகர மருத்துவரும் மருத்துவமனையாரும் சேர்ந்து அமைத்துக்கொண்ட குழுக்களில் ஒருவருக்கொருவர் கற்பித்தனர். 1995க்கும் 1999க்கும் இடையே அளவு மீறிய மருந்தால் நேரும் சாவு ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. மாத்திரையைக் கரைத்து ஊசியால் ஏற்றிக்கொண்டோரும், வாங்கி விற்றோரும் அங்கே இருந்தனர் என்பதையும் மறைக்கலாகாது.

அமெரிக்கர் வேறு வழி சென்றனர். 2000ஆம் ஆண்டின் சட்டப்படி, எட்டு மணி நேரப் பயிற்சி பெற்றுத் தனி அனுமதி வாங்கிய மருத்துவரே இம்மருந்தை எழுதலாம். முதலில் 30 நோயாளர்க்கு மேல் ஏற்கலாகாது, 2006இல் அவ்வரம்பு 100 ஆயிற்று, 2016இல் 275. இதன் விந்தையை நோக்குக. அதே மருத்துவர் ஆக்சிகோடோன் என்னும் வலிமை மிக்க அபின் இன மாத்திரையை வலி என்று வந்தவர்க்கெல்லாம் எழுதித் தரலாம். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டியதில்லை. அம்மாத்திரையால் அடிமையானவனை மீட்கவே அனுமதிச் சீட்டு வேண்டும்! நோயைத் தரும் வாயில் அகலத் திறந்திருக்க, மருந்தின் வாயிலில் காவலன் நின்றான். 2012 வாக்கில் அந்நாட்டுக் கிராமப்புற மாவட்டங்களுள் பெரும்பாலானவற்றில் அனுமதி பெற்ற மருத்துவர் ஒருவர்கூட இலர். 2021ஆம் ஆண்டில் அளவு மீறிய போதை மருந்தால் அங்கே மாண்டோர் 1 லட்சத்துக்கு மேற்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 80,000 பேர் அபின் இன மருந்துகளால் மாண்டவர்கள். 2022 டிசம்பரில் அத்தனி அனுமதி முறை ஒழிக்கப்பெற்றது. 2023 ஜூன் முதல், போதைத் தன்மையுள்ள மருந்துகளை எழுதும் மருத்துவர் அனைவரும் ஒருமுறையேனும் எட்டு மணி நேரம் இந்நோயைக் கற்றாக வேண்டும் என்று விதிக்கப்பெற்றது. சிலர்க்கு வேலியாக இருந்த பயிற்சி, எல்லார்க்கும் பாடமாயிற்று.

வேலி நீங்கியதும் நோயாளர் உடனே பெருகி வந்து மருந்து பெற்றனரோ எனில், இல்லை. அனுமதி பெற்றிருந்தவருள்ளும் மிகப் பலர் அதற்கு முன்னரே இம்மருந்தை எழுதாதிருந்தனர். ஏன்? வினாவெழுந்தால் கேட்க ஆளில்லை என்பது ஒன்று. இத்தகைய நோயாளர் வந்தால் மற்ற நோயாளர் அஞ்சுவர் என்னும் எண்ணம் மற்றொன்று. எட்டு மணி நேரத்தில் செய்தியைக் கற்பிக்கலாம். துணிவைக் கற்பித்தல் அரிது.

அவ்வாறாயின் பொது மருத்துவர் கற்க வேண்டியது யாது? அது மலைபோன்றதன்று. புப்ரெனார்பினை எப்போது தொடங்குவது என்பதே முதற் பாடம். நோயாளியின் உடலில் ஹெராயின் நிறைந்திருக்கும்போது இதனைக் கொடுத்தால், அது ஹெராயினைத் தள்ளிவிட்டு அவ்விடத்தில் தான் அமர்கிறது. உடனே வாந்தியும் வலியும் நடுக்கமும் ஒருங்கே எழுந்து, நோயாளி இனி அம்மருத்துவர் முகத்தில் விழியேன் என்று ஓடிவிடுவான். ஆதலால் கொட்டாவி, கண்ணீர், மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல், கருவிழி விரிதல் ஆகிய குறிகள் தோன்றும்வரை காத்திருந்து, சிற்றளவில் தொடங்கி, சில நாட்களில் தக்க அளவை எட்ட வேண்டும். மெத்தடோனின் ஆபத்து வேறு. அது உடலில் மெல்லத் தேங்குவது. முதல் நாள் போதாதது போல் தோன்றும் அளவு நான்காம் நாளில் மூச்சை அடக்கிவிடக்கூடும். முதல் இரு வாரங்களில் மருத்துவரின் பொறுமையே நோயாளியின் உயிர். தூக்க மாத்திரையும் மதுவும் உடன் சேர்ந்தால் வரும் கேட்டையும், மூச்சு நின்றவனை மீட்கும் நாலாக்சோனை வீட்டார் கையில் கொடுத்து வைப்பதையும், கருவுற்ற பெண்ணுக்கு மருந்தைத் திடீரென நிறுத்தலாகாது என்பதையும் அவர் கற்க வேண்டும்.

இவற்றினும் கடினமான பாடம் ஒன்று உண்டு. ஆறு மாதம் நலமாயிருந்தவன் ஒரு நாள் வழுக்கி விழுந்து மீண்டும் வருவான். அவனை விரட்டாமல் இருக்க மருத்துவர் கற்க வேண்டும். இரத்தக் கொதிப்புக்காரர் உப்பு மிகுதியாக உண்டு வந்தால் யாரும் அவரை வெளியே தள்ளுவதில்லையே.

இத்தகைய கல்வியை ஒரு நாள் வகுப்பில் முடிக்க இயலாது என்று கண்டு புதுமுறை வகுத்தவர் நியூ மெக்சிகோப் பல்கலைக்கழகத்தின் கல்லீரல் மருத்துவர் சஞ்சீவ் அரோரா. இந்தியாவிற் பிறந்தவர். கல்லீரல் அழற்சி நோயாளர் தம்மைக் காண மாதக்கணக்கிற் காத்திருப்பதும் நூற்றுக்கணக்கான மைல் பயணம் செய்வதும் கண்டு, 2003இல் ‘எக்கோ’ என்னும் திட்டத்தைத் தொடங்கினார். வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரத்தில், சிற்றூர் மருத்துவர்கள் தத்தம் இடத்திலிருந்தே திரையின் வழியாக ஒன்றுகூடுவர். ஒருவர் தம் நோயாளியின் நிலையைப் பெயர் சொல்லாது விவரிப்பார். வல்லுநர் வினவுவார், ஏனையோரும் கருத்துரைப்பர். நோயாளி இடம் பெயர்வதில்லை. அறிவே இடம் பெயர்கிறது. 2005 முதல் போதை நோய்க்கும் இவ்வகை அமர்வுகள் நடைபெற்றன. இது நமக்கு அயலான முறையன்று. உஸ்தாதைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் கிதாபை வாசிக்க, ஐயம் எழுந்த இடத்தில் நிறுத்தி, கேட்டவருக்கு மட்டுமன்றிக் கேளாதவருக்கும் விளங்கச் செய்யும் ஹல்காவின் வடிவமே இது. திரை ஒன்றுதான் புதிது.

இனி முஸ்லிம் நாடுகளுக்கு வருவோம். ஈரானின் வரலாறு விரிவாக நோக்கத்தக்கது. 1955இல் அந்நாட்டு அரசு அபின் பயிரையும் பழக்கத்தையும் தடை செய்தது. 1969இல் தடை தளர்ந்து, முதியோர்க்கும் பிணியாளர்க்கும் பதிவின் பேரில் அபின் வழங்கப்பட்டது. 1979ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் அதுவும் நிறுத்தப்பெற்று, சாட்டையும் சிறையும் கட்டாய முகாமும் மருந்தாயின. அண்டை நாடாகிய ஆப்கானிஸ்தானிலிருந்து அபின் வெள்ளமெனப் பாய்ந்தபோது இவை எவற்றைத் தடுக்கும்? 1990களின் நடுவில், சிறைகளில் ஒரே ஊசியைப் பலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதால் எய்ட்ஸ் கிருமி பரவிவிட்டது தெரியவந்தது. கெர்மான்ஷாஹ் நகரில் அராஷ் அலாயீ, காமியார் அலாயீ என்னும் மருத்துவச் சகோதரர்கள் 2000ஆம் ஆண்டளவில் ஒரு மருந்தகத்தை அமைத்தனர். போதை நோய், எய்ட்ஸ், பால்வினை நோய் ஆகிய மூன்றுக்கும் ஒரே வாயிலில் மருத்துவம் செய்ததால் அது முக்கோண மருந்தகம் எனப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் அதனைப் போற்றியது. அச்சகோதரர்கள் 2008இல் அரசுக்கெதிரான குற்றம் சாட்டப்பெற்றுச் சிறை புகுந்து, ஆண்டுகள் சில கழித்தே வெளிவந்தனர் என்பது இவ்வரலாற்றின் கசப்பான ஏடு.

2002இல் மெத்தடோன் சிகிச்சை சிறிய அளவில் தொடங்கிற்று. 2005 ஜனவரியில் நீதித்துறைத் தலைவராயிருந்த ஆயத்துல்லாஹ் மஹ்மூத் ஹாஷிமி ஷாஹ்ரூதி நாட்டு நீதிபதிகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். மெத்தடோனும் தூய ஊசியும் வழங்கும் மருத்துவப் பணியாளரைக் குற்றத்துக்குத் துணை போவோராகக் கருதித் தடை செய்யலாகாது என்பது அதன் சாரம். மத்ஹபால் நமக்கும் அவருக்கும் வேற்றுமை உண்டு. ஆயினும் உயிர் காத்தல் என்னும் அடிப்படையில் நின்று பார்த்தால், மக்காவில் எழுந்த அந்த ஷாபிஈ பத்வாவிலிருந்து இவ்வறிக்கை வெகு தொலைவில் இல்லை.

அதன் பின் ஈரான் செய்ததுதான் நம் பொருளுக்கு மிக நெருங்கியது. பெருமருத்துவமனைகளை மட்டும் நம்பாமல், பொது மருத்துவர்களைப் பயிற்சியில் அமர்த்தி, தேறியோருக்கு உரிமம் தந்து, தெருக்களில் மருந்தகம் திறக்கச் செய்தது. மருத்துவருடன் உளநலம் அறிந்தவரும் செவிலியரும் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. மெத்தடோன், புப்ரெனார்பின் ஆகியவற்றோடு அபின் கரைசலும் மருந்தாக ஏற்கப்பட்டது. ஆயிரக்கணக்கான மருந்தகங்கள் எழுந்தன. லட்சக்கணக்கானோர் மருந்து பெறுகின்றனர். சாட்டையால் இயலாததைச் சீசாவும் சான்றிதழும் ஓரளவு செய்தன எனலாம்.

குறையும் உண்டு. வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மெத்தடோன் நீர்மத்தைத் தண்ணீரென்றும் இருமல் மருந்தென்றும் எண்ணிக் குழந்தைகள் குடித்து நஞ்சேறிய துயரங்கள் ஈரானிய மருத்துவ இதழ்களில் பல முறை பதிவாகியுள்ளன. பூட்டிய பெட்டியில், குழந்தை திறக்க இயலாத மூடியிட்ட சீசாவில் வைக்கச் சொல்லித் தருவதும் மருத்துவர் கற்க வேண்டிய பாடமே. ஏட்டில் அது கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு தாய்க்கு அதுவே முதற் பக்கம்.

இவ்விடத்தில் பிக்ஹு அறிந்தோர் ஒரு தடையை எழுப்பக்கூடும். இமாம் ஹைதமி (ரஹ்) அவர்கள் குறைத்துக்கொண்டே வரச் சொன்னார்கள். இக்கால மருத்துவரோ ஆண்டுக்கணக்கில், சிலர்க்கு ஆயுள் முழுதும், மருந்தைத் தொடரச் சொல்கின்றனரே என்பது அத்தடை. வலிமையான தடைதான். நாம் கூறக்கூடியது இது: அன்று குறைக்கச் சொன்னது, கேடு விளைக்கும் அதே அபினை. இன்று அபினை நிறுத்திவிட்டு வைப்பது, அளவோடு உண்பவரின் அறிவை மறைக்காத மருந்தை. மேலும், மருந்தை விரைந்து நிறுத்தியோருள் பெரும்பாலோர் பழைய ஹெராயினுக்கே திரும்புகின்றனர். உடல் பழக்கம் விட்டிருப்பதால், முன்பு தாங்கிய அளவே அப்போது அவர்களைக் கொன்றுவிடுகிறது. சிறையிலிருந்தோ முகாமிலிருந்தோ வெளிவந்த முதற் சில வாரங்களில் சாவு மிகுவதன் காரணமும் இதுவே. குறைக்க இயன்றும் குறையாதவனையே இமாமவர்கள் பாவி என்றார்கள். இயலுமா என்பதைச் சொல்ல வேண்டியவர் கற்றறிந்த மருத்துவர். இதற்கு மேல் முப்திகள் ஆராயட்டும். ஆனால் மருத்துவரை அருகில் அமர்த்திக்கொண்டு ஆராயட்டும்.

மலேசிய நாட்டின் செய்தி, அங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ் முஸ்லிம்களின் பொருட்டு நமக்கு இன்னும் அணித்தானது. அங்கும் 1980களில் கட்டாய முகாம்களே மருத்துவமாயிருந்தன; வெளிவந்தோர் பெரும்பாலும் பழைய இடத்துக்கே மீண்டனர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தனியார் பொது மருத்துவர்கள் புப்ரெனார்பின் வழங்கத் தொடங்கினர். பயிற்சியும் கண்காணிப்பும் போதாமையால் மாத்திரைகள் ஊசியில் ஏறின. பின்னர் நாலாக்சோன் கலந்த மாத்திரை அதனிடத்தை ஏற்றது. ஊசியில் ஏற்றினால் துன்பம் தருவது அது. 2005இல் அரசின் மெத்தடோன் திட்டம் நாடளாவத் தொடங்கியது.

2010இல் கோலாலம்பூரின் அர்ரஹ்மான் பள்ளிவாசலில், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்களின் துணையோடு, மெத்தடோன் வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. பள்ளிவாசலில் அபின் இன மருந்தா என்று முகம் சுளித்தோர் இருந்திருப்பர். ஆயினும் ஊரார் கண்ணில் படாமல் சந்துகளில் ஒளிந்து வாழ்ந்தவர், மருந்துக்காகவேனும் பள்ளியின் படியேறினார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே மருத்துவரும் இருந்தார், மார்க்கம் சொல்பவரும் இருந்தார்.

முஸ்லிம் நோயாளரை ஏற்கும் பொது மருத்துவர் எந்த நாட்டினராயினும் கற்க வேண்டிய பாடம் ஒன்று இன்னும் எஞ்சியுள்ளது; எட்டு மணி நேரப் பயிற்சியில் அதற்கு இடம் கிடைப்பது அரிது. காலையில் மெத்தடோன் அருந்திப் பழகியவர் ரமளான் வந்ததும் என்செய்வார்? மருத்துவரைக் கேட்கக் கூசித் தாமாகவே மருந்தை விடுவார். சில நாளில் துன்பம் தாளாமல் தெருவுக்குப் போவார். அல்லது நோன்பை விடுவார். விட்டோமே என்னும் வெட்கத்தால் பள்ளியையும் விடுவார். இரண்டுக்கும் தேவையில்லை. மெத்தடோன் ஒரு நாள் முழுதும் நிற்பதாகலின் மாலைக்கு மாற்றிக்கொள்ள இயலும். நாவின் கீழ்க் கரையும் மாத்திரையையும் நோன்பு திறந்த பின் வைத்துக்கொள்ளலாம். இருவேளையாக உண்பவர் இப்தாருக்கும் ஸஹருக்கும் பிரித்துக்கொள்ளலாம். தவறவிட்ட அளவை மறுநாள் சேர்த்து உண்ணலாகாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஷஃபான் மாதத்திலேயே நோயாளியை அழைத்துப் பேசி, வேளையைச் சிறிது சிறிதாக மாற்றி, அளவைச் சரிபார்த்துவிட்டால், பிறை கண்ட இரவில் அவர் ஏனையோரைப் போலவே ஸஹருக்கு எழலாம்.